மகளை ஊரில் படிக்க வைக்கலாமா? சின்ன ஊரில் கற்றது வடசென்னையில் எதற்காவது உதவியதா?

பூண்டிக்காரன் கேட்டது:

எனக்குச் சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி. சென்னைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் ராயபுரம், 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டதும் புது வண்ணாரப்பேட்டைக்கு மாறினோம். பாரிமுனைப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை, மண்ணடியில் இறங்கி நடந்துவிடலாம். மகள் வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்பு. ஊரில் என் அப்பா அம்மாவிடம் விட்டுப் படிக்க வைக்கலாம் என்று நான் சொல்கிறேன். மனைவி தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள், அந்தப் பேச்சையே எடுக்காதே என்கிறாள். "அப்படி என்னதான் கத்துக்கிட்டீங்க உங்க ஊர்ல, சொல்லுங்க கேப்போம்" என்று நேற்று சோறு போடும்போது கேட்டுவிட்டாள். சட்டென்று வாயில் எதுவும் வரவில்லை. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்ததில் இரண்டு சம்பவம்தான் நினைவுக்கு வந்தது.

ஒன்பதாவது படிக்கும்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று முதல் பீடியைப் பற்ற வைத்தேன். பாதி கூட முடியவில்லை, இருமல் தாங்காமல் தூக்கிப் போட்டுவிட்டு, கொய்யா இலையைப் பறித்து மென்றுகொண்டே சைக்கிளை மிதித்தேன். வீட்டுக்குப் பத்து நிமிஷம்தான். திண்ணையில் அப்பா உட்கார்ந்திருந்தார். நான் அவரைத் தாண்டி உள்ளே போகும்போது பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "தீப்பெட்டி யாரு கொடுத்தது?" என்று மட்டும் கேட்டார். அடிக்கவில்லை. யார் போட்டுக்கொடுத்தார்கள் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. டீக்கடைக்காரரா, டைம் கீப்பரா, பூக்காரம்மாவா, சைக்கிளைவிட வேகமாக அந்தச் செய்தி எப்படி வீடு போய்ச் சேர்ந்தது? அதற்கப்புறம் ஊரில் எங்கே நின்றாலும் முதுகில் யாரோ பார்ப்பது மாதிரியே இருக்கும். அதனாலேயே பல தப்புகளைச் செய்யாமல் விட்டேன்.

இரண்டாவது கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலை. நான் அப்போது ஊரில்தான். காற்று நின்ற பிறகு கதவைத் திறந்தால் தெருவே அடையாளம் தெரியவில்லை. எங்கள் கொல்லையில் நின்ற ஐந்து தென்னையும் சாய்ந்து, அதில் ஒன்று கிணற்றடி மேலேயே கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் அப்பாவுக்கும் வேலித் தகராறு, கோர்ட்டில் கேஸ், பதினோரு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அவர் கையில் அரிவாளோடு வேலியைத் தாண்டி வந்தார். அம்மா பயந்துபோய் என்னைக் கூப்பிட்டாள். அவர் எங்கள் முகத்தைக் கூடப் பார்க்காமல் நேராகப் போய் கிணற்றடி மரத்தை வெட்ட ஆரம்பித்தார், கொஞ்ச நேரத்தில் அப்பாவும் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு மறுமுனையில் போய் உட்கார்ந்துவிட்டார். அப்போதும் பேசிக்கொள்ளவில்லை. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. தெருவே சேர்ந்து ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து, வீட்டுக்கு அரை மணி நேரம் என்று டேங்குக்குத் தண்ணீர் ஏற்றினோம், அந்த அரை மணிக்குள்ளேயே வீட்டிலுள்ள எல்லா செல்போனும் சார்ஜ் ஏறியாக வேண்டும். கரண்ட் வந்த அடுத்த மாதம் வேலி கேஸ் பழையபடி நடந்தது, அது வேறு விஷயம்.

இதைச் சொன்னால் மனைவி "எங்க தெருவுல இது மழைக்கு மழை நடக்குது" என்கிறாள். சரி, நீங்கள் சொல்லுங்கள். சின்ன ஊரிலிருந்து இந்தப் பக்கம் வந்தவர்கள், அங்கே கற்றதில் எது கைகொடுத்தது, எதைத் தூக்கிப் போட வேண்டியிருந்தது? மண்வாசனைக் கட்டுரை வேண்டாம், நடந்ததை எழுதுங்கள்.

உடன்குடி கடை:

தம்பி, எருக்கஞ்சேரியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஊர் உடன்குடிப் பக்கம். பதினாலு வயசில் மாமா கடைக்கு எடுபிடியாக வந்தேன், அரிசி மூட்டை மேல்தான் படுக்கை. படிப்பு எட்டாவதோடு சரி. அதனால் பிள்ளையை எங்கே படிக்க வைப்பது என்று என்னைக் கேட்டால் தப்பு, கடன் நோட்டைப் பற்றிக் கேட்டால் சொல்வேன்.

ஊரில் எங்கள் தாத்தா பெட்டிக்கடை வைத்திருந்தார். கருப்பட்டி, சுக்கு, புகையிலை, பம்பரக் கயிறு எல்லாம் இருக்கும். அவரிடம் பாக்கி வைத்தவர் எதிரே வந்தால் தாத்தாதான் சட்டென்று சந்துக்குள் திரும்பிவிடுவார். சின்னப் பையனான எனக்கு ஒன்றும் விளங்காது, கடன் வாங்கியவன்தானே ஒளியணும், இவர் எதுக்கு ஒளிகிறார்? ஒருநாள் கேட்டேன். "அவன் என்னைப் பாத்து ஒளிய ஆரம்பிச்சான்னா நாளைக்கு அடுத்த கடைக்குப் போயிருவாம்லா" என்றார். வியாபாரக் கணக்குத்தான், பெரிய மனசு என்றெல்லாம் நினைக்க வேண்டாம். சின்ன ஊரில் ஒரு வாடிக்கை போனால் அவனோடு அவன் பங்காளி நாலு வீடும் சேர்ந்து போகும்.

என் கடையில் வீட்டுக்கு ஒரு நோட்டு, சணலில் கோத்து ஆணியில் தொங்கும். 2016 நவம்பர் 8 ராத்திரி ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்த பிறகு மூணு வாரம் கடை ஓடியது அந்த ஆணியை நம்பித்தான். கல்லாவில் சில்லறையே விழவில்லை, எழுதி எழுதிக் கொடுத்தேன். எனக்குச் சரக்குப் போடும் மொத்தக் கடைக்காரரும் எனக்கு அப்படியே எழுதித்தான் கொடுத்தார். ஒன்றிரண்டு பேர் தவிர பாக்கி எல்லாம் வந்துவிட்டது. அந்த ஒன்றிரண்டு பேரைப் பற்றி ஆரம்பித்தால் விடிந்துவிடும், வேண்டாம்.

இப்போது புதுத் தொல்லை இந்த ஸ்பீக்கர் பெட்டி. க்யூஆர் கோடில் யார் எவ்வளவு போட்டாலும் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறது. வீட்டு வேலைக்குப் போகிற ஒரு அக்கா, மாசக் கடைசியில் இருபது ரூபாய்க்குத்தான் எண்ணெய் வாங்குவார். பெட்டி இருபது ரூபாய் என்று அலறியதும் பின்னால் நின்ற ஆள் எட்டிப் பார்த்தான். அடுத்த நாளிலிருந்து அந்த அக்கா கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து மத்தியானம் வெயிலில் வர ஆரம்பித்தார். சத்தத்தைக் குறைத்துவிட்டேன். காசு போடாமலே போட்டுட்டேன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க என்று என் பையன் சண்டைக்கு வருகிறான். அவன் சொல்வதும் நிஜம்தான், ரெண்டு தடவை ஏமாந்திருக்கிறேன்.

கேரம் காயின்:

"தீப்பெட்டி யாரு கொடுத்தது?" உங்க அப்பா போலீஸ்ல இருந்திருக்க வேண்டியவர் ப்ரோ. எங்க வியாசர்பாடியில் இதே வேலையை கேரம் கிளப் அண்ணன்கள் பார்த்தார்கள், கேள்வி கிடையாது, நேராக அடி.

சங்கரா மீன்:

அண்ணா, நான் அண்ணி கட்சி.

முதலில் ஒன்று, வடசென்னை என்று ஒரே ஊர் கிடையாது. காசிமேட்டில் வளர்ந்த எனக்கு பெரம்பூர் போவதே வெளியூர் போவது மாதிரிதான். எங்கள் பாட்டி பாரிமுனை தாண்டி எங்கே போனாலும் "பட்டணம் போயிட்டு வரேன்" என்பாள். நீங்கள் சின்ன ஊர் என்று எழுதியிருப்பது அத்தனையும் எங்கள் குப்பத்தில் இருந்தது, கேஸ் நடத்திக்கொண்டே மரம் வெட்டுகிற பக்கத்து வீட்டுக்காரர் உட்பட.

அம்மா ராத்திரி இரண்டு மணிக்கெல்லாம் மீன் ஏலத்துக்குக் கிளம்பிவிடுவார். காலையில் எனக்கும் தம்பிக்கும் தலை வாரி, டிபன் கட்டி, ஸ்கூலுக்கு அனுப்பியது எதிர்வீட்டு ஆயா. சொந்தம் ஒன்றும் இல்லை. அம்மா பதிலுக்கு ஒரு கூறு நெத்திலியோ காரப்பொடி மீனோ கொண்டுவந்து கொடுப்பார். ஒருநாள் வரத்து இல்லை, வெறுங்கையோடு வந்து ஆயா வாசலில் தயங்கித் தயங்கி நின்றார். ஆயா போட்டது பாருங்கள் ஒரு சத்தம், "நான் இன்னா மீனுக்கா ஜடை பின்றேன்?" என்று. தெருவே திரும்பிப் பார்த்தது. அப்புறம் ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது (முன்பு 45 நாள்தான்). ஸ்கூல் திறக்கிற ஜூனில்தான் கையில் காசே இருக்காது. நகை எல்லாம் அடகுக் கடையில். எல்லார் நகையும் அங்கேதான் என்பதால் யாரும் ஒளிப்பது இல்லை, யார் வீட்டிலாவது கல்யாணம் என்றால் மீட்டுக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பந்தி முடிந்த மறுநாள் திரும்பக் கொண்டுபோய் வைப்பார்கள். உடன்குடி அண்ணாச்சி சொல்கிற அந்த இருபது ரூபாய் அக்கா எங்கள் தெருவில் இருந்திருந்தால் வெயிலில் வந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன், இல்லை, தெரியவில்லை, வந்திருக்கலாம்.

எனக்கு ஆற மாட்டேன் என்கிற விஷயம் ஒன்று உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்கு மீனவர்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், முதல் மாடி வரை தண்ணீரில் மாட்டியிருந்தவர்களை இறக்கினார்கள். 2015 வெள்ளத்திலும் அதேதான். என் சித்தப்பா பையனும் போனான். படகில் ஏறும்போது எந்த ஏரியா தம்பி என்று அவனை யாரும் கேட்கவில்லையாம். ஆனால் நான் முதல் முதலில் இன்டர்வியூ போனபோது, கம்பெனி பேர் எல்லாம் வேண்டாம், ரெஸ்யூமில் முகவரியைப் பார்த்துவிட்டு "அங்கேருந்தா வரீங்க? நைட் ஷிப்ட் முடிச்சு சேஃபா வீட்டுக்குப் போயிடுவீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார் ஒருவர். அடுத்த இன்டர்வியூவுக்கு அண்ணா நகரில் இருக்கிற பெரியம்மா வீட்டு முகவரியைப் போட்டேன். வேலை கிடைத்தது. ஆயாவிடம் போய் ஸ்வீட் கொடுத்தேன், இதை மட்டும் சொல்லவில்லை.

நைட் டூட்டி:

எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பதை எல்லோரும் இனிப்பாகவே எழுதுகிறீர்கள். கொஞ்சம் கசப்பும் இருக்கட்டும்.

நான் ஆரணி பக்கம். எங்கள் ஊரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதல் கேள்வி பேர் என்ன, இரண்டாவது கேள்வி எந்தத் தெரு. அதற்குப் பதில் சொல்லிவிட்டால் மூன்றாவது கேள்விக்கு வேலை இல்லை, சாதி தெரிந்துவிடும். டைப்ரைட்டிங் கிளாஸ் தோழி ஒருத்தி வீட்டுக்கு ஒரே ஒரு முறை போனேன். தண்ணீர் கேட்டேன். அவள் அம்மா டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டே எந்தத் தெரும்மா என்றார். சொன்னேன். டம்ளரோடு உள்ளே போனவர் பிளாஸ்டிக் பாட்டிலோடு வெளியே வந்தார். "இத எடுத்துட்டுப் போம்மா, வெயில்ல போற, பாட்டில திருப்பித் தர வேணாம்" என்றார். ரொம்ப அன்பாகத்தான் சொன்னார். அந்தப் பாட்டில் என்னிடம் வெகுநாள் இருந்தது, ஏன் வைத்திருந்தேன் என்று தெரியாது.

பூண்டி அண்ணன் பீடியோடு தப்பித்துவிட்டார். அதே வேகத்தில் செய்தி வீடு போய்ச் சேர்வது பெண் பிள்ளைக்கு என்றால் படிப்பு நிற்கும். என் அக்கா பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள் என்று ஒருவர் அப்பாவிடம் சொன்னார், அவ்வளவுதான், பதினோராம் வகுப்போடு முடிந்தது. உங்கள் மகளுக்கு இப்போது ஆறு வயசு. பதினாறு வயசில் அந்தத் தெரு அவளை எப்படிப் பார்க்கும் என்பதையும் யோசித்துவிட்டு அனுப்புங்கள்.

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் நர்ஸ், வடசென்னையில் பட்டாளம் என்கிற ஏரியாவில் வாடகை வீடு. இங்கே வீட்டு ஓனர்கள் கேட்பதே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், நான்வெஜ் சமைப்பீங்களா என்று சுற்றி வளைப்பார்கள். ஆனால் ஐந்தாவது வீட்டில் சாவி கிடைத்துவிடும், எங்கள் ஊரில் ஐந்தாவது வீடே கிடையாது.

ஊரிலிருந்து நான் கொண்டுவந்து உருப்படியாகப் பயன்பட்டது ஒன்றே ஒன்று, எழவு வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்பது. பாட்டி சொல்லிக்கொடுத்தது. போனதும் அழுகிறவர்களிடம் போய் நீயும் உட்காராதே, அங்கே ஆள் இருக்கும். அந்த வீட்டில் அடுப்பு எரியாது, அதனால் பக்கத்து வீட்டில் பால் காய்ச்சச் சொல். சின்னப் பிள்ளைகள் ஏதாவது சாப்பிட்டதா பார். நான் இங்கே குடிவந்த முதல் மாதமே கீழ்வீட்டுத் தாத்தா விடிகாலையில் இறந்துபோனார். பாட்டி சொன்னதைச் செய்தேன், கூடவே என் வேலைப் பழக்கம், வீட்டிலேயே இறந்தவர் என்றால் டாக்டர் சர்டிபிகேட் வேண்டும், ஆதார் நகல் வேண்டும், சுடுகாட்டில் கேட்பார்கள், அதை எல்லாரும் கடைசி நேரத்தில்தான் தேடுவார்கள். பீரோவில் தேடி எடுத்து ஒரு கவரில் போட்டு அவர் பெரிய மகன் சட்டைப் பையில் வைத்தேன். மேளம், பூப்பல்லக்கு எல்லாம் தெரு பார்த்துக்கொண்டது.

அன்றிலிருந்து நான் நர்சம்மா. ராத்திரி டூட்டிக்குக் கிளம்பினால் ஷேர் ஆட்டோ வரும் வரைக்கும் முக்கில் யாராவது ஒருவர் நிற்பார்கள், வேலையாக நிற்பது மாதிரி. இதுவும் கண்காணிப்புத்தான், எனக்குத் தெரியும். ஆனால் இவர்கள் யாரும் எங்கள் அப்பாவுக்குப் போன் போடுவதில்லை.

பழைய பெட்டி:

எனக்கு 67 வயது. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில், பெட்டியின் கூடு செய்கிற ஷெல் பிரிவில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவன். 1955 அக்டோபர் 2இல் நேரு திறந்து வைத்த தொழிற்சாலை. அப்பா செய்யாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து பெரம்பூர் பி அண்டு சி துணி மில் வேலைக்கு வந்தவர். 1918இல் திரு.வி.க.வும் வாடியாவும் சென்னைத் தொழிலாளர் சங்கம் கட்டியது அந்த மில்காரர்களை வைத்துத்தான். வடசென்னைக்காரன் என்று பெருமையாகச் சொல்பவன் எவனைத் தோண்டினாலும் கீழே ஒரு கிராமம் இருக்கும். மில்லு, ஹார்பர், ரயில்வே, மூன்றும் இழுத்துக்கொண்டு வந்த ஜனம். எங்கள் அப்பா தங்கிய ரூமில் ஒரே ஊர்க்காரர்கள் எட்டுப் பேர், பாய் நாலு. ஷிப்ட் முடிந்து ஒருவர் வந்தால் படுத்திருந்தவர் எழுந்து வேலைக்குப் போவார், பாய் சூடு ஆறாது. 1996இல் மில்லை மூடினார்கள், அதற்குள் அந்த எட்டுப் பேரின் பேரன்களும் இங்கேயே பிறந்துவிட்டார்கள்.

ரிட்டயர் ஆனதும் நானும் உங்களைப் போல ஆசைப்பட்டு ஊருக்குப் போனேன். வாடகைக்கு வீடு பிடித்து நாலு மாதம் இருந்தேன். முதல் நாள் டீக்கடையில் "பெரியவரே, யார் வூட்டுக்கு வந்திருக்கீங்க?" என்றார்கள். நாலாவது மாதமும் அதையேதான் கேட்டார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

திரும்பிப் போனவன்:

எனக்கு மன்னார்குடி, உங்கள் பக்கத்து ஊர்தான். கொரோனாவில் வேலை போய் 2020இல் குடும்பத்தோடு கொடுங்கையூரிலிருந்து ஊருக்கே வந்துவிட்டேன். பொய் சொல்லவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன், வாடகை இல்லை, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓட வேண்டியது இல்லை. போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, உள்ளூரில் பார்த்துவிட்டு தஞ்சாவூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள், அந்த ராத்திரி ஆம்புலன்சில் போனது மட்டும் மறக்காது. ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தவரை அதன் அருமை தெரியவில்லை.

நீங்கள் நினைக்கிற ஊர் இப்போது இல்லை ப்ரோ. என் பையனை காலை ஏழே காலுக்கு ஸ்கூல் வேன் அள்ளிக்கொண்டு போகிறது, சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டு வாசலில் கொட்டுகிறது. நடுவில் தெருவில் அவன் கால் படுவதே இல்லை. டியூஷன், அப்புறம் செல்போன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இப்போது நிற்பவர் வடமாநிலத்துத் தம்பி, நல்ல பையன், ஆனால் யார் யார் வீட்டுப் பிள்ளை என்று அவனுக்கு எப்படித் தெரியும்? உங்கள் பீடிச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுபோன ஆட்கள் யாரும் இன்றைக்கு அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பூண்டிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. மனைவியிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். நைட் டூட்டி அக்கா எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். அந்தப் பாட்டில் விஷயம் எங்கள் ஊரிலும் உண்டு, எங்கள் வீட்டிலேயும் தனி டம்ளர் இருந்தது, கேள்வியில் அதை நான் எழுதவே இல்லை என்பது இங்கே வந்து படித்த பிறகுதான் உறைத்தது.

திரும்பிப் போனவர் எழுதியதைப் படித்துவிட்டு இன்று காலை அப்பாவுக்குப் போன் போட்டேன். இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறேன், அன்றைக்கு பீடி விஷயத்தை உங்களிடம் சொன்னது யார் என்றேன். அவருக்கு முதலில் ஞாபகமே வரவில்லை. அப்புறம் சிரித்தார். "யாரும் சொல்லலடா. ஒனக்குக் கொய்யாப் பழமே புடிக்காது. எதுக்குடா எலைய மென்னுக்கிட்டு வந்த?"

இருபது வருஷமாக அந்தப் பூக்காரம்மாவை முறைத்துக்கொண்டிருந்தேன்.

மகளுக்கு இங்கேயே அடுத்த தெரு பள்ளியில் விண்ணப்பம் வாங்கியாயிற்று. மே மாதம் முழுக்க ஊரில் விடுவதாக ஒப்பந்தம், மனைவி இருபது நாள் என்கிறாள், பேச்சுவார்த்தை நடக்கிறது.

உடன்குடி அண்ணாச்சி, கடையில் கருப்பட்டி இருக்கிறதா? சீனி கலக்காததாக வேண்டும், மனைவி கேட்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணி வரைக்கும் கடை திறந்திருக்கும்?